ஞாயிறுதோறும் பழுதாகும் லாப்டாப்

விக்டர் லினக்ஸுக்கு மாறியது மானப் பிரச்சினையால்.

முத்தியால்பேட்டையில் அவர் வீட்டு லாப்டாப் கொஞ்சம் பழசு. ஒரு நாள் சாயங்காலம் அதைத் திறந்ததும் திரை முழுக்க ஓர் அறிவிப்பு வந்து நின்றது. இந்தக் கம்ப்யூட்டர் விண்டோஸின் அடுத்த பதிப்புக்குத் தகுதியானது அல்ல, புதிதாக ஒன்று வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம் என்று அது மரியாதையாகச் சொன்னது. விக்டர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். அவர் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் ஆய்வக உதவியாளர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. போன வருடம் பள்ளியில் புது ஆய்வகம் கட்டினார்கள், அதற்கு ஓர் இளைஞனை எடுத்தார்கள், இவரைப் பழைய ஆய்வகத்தோடு சேர்த்து ஓரமாக விட்டுவிட்டார்கள். ஆகவே அந்த அறிவிப்பு லாப்டாப்பைப் பற்றியது மட்டும்தான் என்று அவரால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

"பிரிஸ்கில்லா, நம்ம லாப்டாப்புக்கு விண்டோஸுக்குப் பதிலா நான் லினக்ஸ் போடப் போறேன்" என்றார்.

"அப்படின்னா?" என்றாள் மனைவி, அடுக்களையிலிருந்து.

"அது ஒரு சுதந்திரம்."

"இலவசமா?"

"சுதந்திரம்னா வெறும் இலவசம் மட்டும் இல்ல. அதுக்குப் பின்னாடி ஒரு தத்துவம் இருக்குது."

"இலவசமா, இல்லையா?"

"இலவசம்தான்."

"அப்ப போடுங்க. திங்கக்கிழமைக்குள்ள முடிச்சிடுங்க. எனக்கு கிளாஸ் இருக்குது."

பிரிஸ்கில்லா பல வருடம் பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியையாக இருந்தவள். இப்போது வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் சொல்லிக்கொடுக்கிறாள். பிரான்சுக்கு வேலைக்குப் போக நினைக்கும் நர்சுகள், அங்கே கல்யாணமாகிப் போக விசாவுக்குக் காத்திருக்கும் பெண்கள் என்று அவளுக்கு மாணவர்கள் உண்டு. லாப்டாப் விக்டருடையது என்று விக்டர் சொல்வார். அதில் நாள் முழுக்க உழைத்தவள் அவள்.

லினக்ஸ் போட விக்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். அதில் எந்த உள்நோக்கமும் இல்லை. தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, காபி குடித்துவிட்டு உட்கார்ந்தார். அந்த ஞாயிறு மட்டும் அவர் யோக்கியர் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஞாயிறு என்றால் அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மதியச் சாப்பாடு பிரிஸ்கில்லாவின் அண்ணன் அருளானந்தம் வீட்டில். குருசுக்குப்பம் போகும் வழியில் இருக்கிறது வீடு. அருளானந்தம் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்த ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் பிரான்சில். சாப்பாட்டைப் பற்றி விக்டருக்குக் குறையே கிடையாது. அருளானந்தத்தின் மனைவி இருதயமேரி வைக்கும் நண்டுக் குழம்புக்கு அவர் சொத்தை எழுதிக் கொடுப்பார். தொல்லை சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பிக்கும். வீட்டுக்குப் பின்னால் மண் தரையில் பெத்தாங் விளையாட வேண்டும். அது இரும்புக் குண்டு விளையாட்டு. ஒரு சின்ன மரக்குண்டைத் தூரத்தில் போட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் போய் நிற்கும்படி இரும்புக் குண்டை எறிய வேண்டும். தோற்றவன் எல்லாக் குண்டையும் குனிந்து பொறுக்க வேண்டும் என்பது அருளானந்தம் வீட்டுச் சட்டம். கல்யாணமானதிலிருந்து விக்டர்தான் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். குனியும்போதெல்லாம் மேலிருந்து அருளானந்தத்தின் குரல் கேட்கும். ராணுவத்தில் இருந்தபோது ஜிபூத்தியில் ஒரு தடவை மணல் காற்றில் ஜீப்பைத் தொலைத்த கதை. ஜீப் கிடைப்பதற்குள் விக்டருக்கு இடுப்பு போய்விடும்.

சரி. அந்த முதல் ஞாயிறு. லினக்ஸ் ஒழுங்காக ஏறியது. திரையில் அழகான மலை ஒன்று வந்தது. வைஃபை மட்டும் வரவில்லை, அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் உள்ளே இல்லை.

பிரிஸ்கில்லா புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "கெளம்பலாமா?"

"வைஃபைக்கு டிரைவர் இல்ல."

"நாம ஸ்கூட்டர்லதான போறோம். டிரைவர் எதுக்கு?"

"நமக்கு இல்ல. லாப்டாப்புக்கு."

"அது எங்க போவுது?"

"இன்டர்நெட்டுக்குப் போவணும். ஆனா டிரைவர் இன்டர்நெட்டுல இருக்கான்."

"அவன் இங்க வரணும்னா?"

"இன்டர்நெட் வேணும்."

"இன்டர்நெட் வரணும்னா?"

"டிரைவர் வேணும்."

பிரிஸ்கில்லா கைப்பையைத் தோளில் மாட்டினாள். "நான் ஆட்டோவுல போயிக்கிறேன். அதுக்கு டிரைவர் இருப்பான்."

அவள் போன பிறகு விக்டர் போனைக் கேபிளால் லாப்டாப்போடு இணைத்து, போனிலிருந்து இன்டர்நெட்டை இழுத்து, அதன் வழியாக டிரைவரைப் பிடித்து இறக்கினார். லாப்டாப்பை அணைத்துத் திறந்ததும் வைஃபை சமர்த்தாக வந்து உட்கார்ந்தது. அவர் எழுந்து நின்று சுற்றும் முற்றும் பார்த்தார். வீட்டில் யாரும் இல்லை. மின்விசிறி ஓடியது. தெருவில் ஒரு சத்தமும் இல்லை. பாயை விரித்துப் படுத்தார். கண் விழித்தபோது தலைமாட்டில் டிபன் கேரியர் இருந்தது. உள்ளே நண்டுக் குழம்பு. சூடாக.

"பாவம், பட்டினியா உக்காந்துகிட்டு இருந்திருப்பீங்க" என்றாள் பிரிஸ்கில்லா.

நண்டுக் குழம்பு உண்டு, நண்டுக் குழம்புக்குப் பின்னால் வரும் எதுவும் இல்லை. அப்படி ஒரு ஞாயிறு உலகத்தில் சாத்தியம் என்பதே விக்டருக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறும் நிஜமாகவே ஒரு கோளாறு வந்தது. சத்தம் வரவில்லை. தேடிப் பார்த்ததில், லாப்டாப் தன் சத்தத்தையெல்லாம் ஒரு டிவிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. டிவி எதுவும் இணைக்கப்படவே இல்லை. செட்டிங்ஸில் போய் ஸ்பீக்கர் என்பதைத் தொட்டால் போதும். அதைக் கண்டுபிடிக்க விக்டருக்கு மதியம் ஆயிற்று. கேரியர் வந்தது.

அதற்கடுத்த வாரம் புது அப்டேட் ஒன்று போட்டார். அதோடு லினக்ஸின் அடிப்படை நிரலான கர்னலும் புதிதாக மாறியது. மூடி வைத்த லாப்டாப் திரும்ப விழிக்க மறுத்தது. ஞாயிறு காலை அருளானந்தமே போனில் கூப்பிட்டார்.

"என்னா மாப்ள, ஆளையே காணோம்?"

"கர்னல்தான் மச்சான் பிரச்சின. புதுக் கர்னல் வந்ததுலேர்ந்து, தூங்கப் போனா எழுந்திரிக்கவே மாட்டேங்குது."

மறுமுனையில் பழைய ராணுவக் குரல் எழுந்தது. "எந்தக் கர்னல்?"

"இப்ப வந்தது. அதைத் தூக்கிட்டு, பழைய கர்னலையே கொண்டாந்துடலாம்னு பாக்குறேன்."

"மாப்ள, கர்னலை மாத்தறதெல்லாம் மேலிடத்து வேல. நாம அதுல தலையிடக் கூடாது."

"இதுல நான்தான் மச்சான் மேலிடம். எனக்கு எல்லா அதிகாரமும் இருக்குது."

"சரி" என்றார் அருளானந்தம், குரலைத் தாழ்த்தி. "பாத்துப் பண்ணுங்க. போன்ல இதெல்லாம் பேச வேணாம்."

பழைய கர்னல் திரும்பி வந்தார். லாப்டாப் தூங்கி, கூப்பிட்டதும் எழுந்தது. அந்த வாரம் வெள்ளிக்கிழமை விக்டர் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தார். வைஃபை வந்தது. சத்தம் வந்தது. பிரிண்டர் கூடக் கேட்காமலே வேலை செய்தது. லாப்டாப்பில் ஒரு குறையும் இல்லை. அப்படியென்றால் ஞாயிறன்று பெத்தாங்குக்குப் போயாக வேண்டும்.

பொய் சொல்வது அவருக்கு வராது. சொன்னால் காது சிவந்துவிடும், பிரிஸ்கில்லா காதைத்தான் பார்ப்பாள். ஆகவே அவர் சொல்லவில்லை, லாப்டாப்பைச் சொல்ல வைத்தார். ஞாயிறு காலை அவள் குளிக்கப் போன நேரத்தில் ஏரோபிளேன் மோடை அழுத்தினார். வைஃபை போயிற்று. பிறகு கறுப்புத் திரையைத் திறந்து, எழுத்துகள் மளமளவென்று ஓடும்படி ஒரு கட்டளையைத் தட்டிவிட்டு, தாடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த எழுத்துகளுக்கும் வைஃபைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பிரிஸ்கில்லா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். "சரியாயிடுச்சின்னு சொன்னீங்களே."

"லினக்ஸ்ல ஒண்ணு சரி பண்ணா இன்னொண்ணு கெளம்பும்."

"ஞாயித்துக்கிழமை காலையிலயா கெளம்பும்?"

"அப்டேட் சனிக்கிழமை வருது."

அவள் திரையில் ஓடிய எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் காதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப நான் ஆட்டோ பிடிச்சுக்கிறேன்" என்று போய்விட்டாள்.

இப்படியாக, முத்தியால்பேட்டையில் மேசை மேல் இருந்த அந்த லாப்டாப் ஒவ்வொரு ஞாயிறும் விமானம் ஏறியது. விக்டர் பாய் விரித்தார்.

ஆனால் ஞாயிறு மட்டும் பழுதாகி, திங்கள் காலையில் தானாகச் சரியாகும் லாப்டாப்பை யாரும் நம்ப மாட்டார்கள் என்பது ஒரு விஞ்ஞான மனத்துக்குத் தோன்றாமல் இருக்குமா? ஏமாற்றுவதையும் முறையாகச் செய்ய நினைத்தார். வார நாட்களிலும் லாப்டாப் நோயாளிதான் என்று அறிவித்தார்.

"பாதி ஆபரேஷன்ல இருக்குது. யாரும் தொடக் கூடாது."

"எனக்கு கிளாஸ் இருக்குதுங்க. பரீட்ச வேற வருது."

"கொஞ்ச நாளைக்கு போன்ல எடேன்."

"சரி" என்றாள் பிரிஸ்கில்லா.

அவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. விக்டர் அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டார். லாப்டாப்பை அணைத்து, ஏரோபிளேன் மோடிலேயே அலமாரியில் வைத்தார். அவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு பாஸ்வேர்டு போட்டார். தவறிப்போய்க்கூட யாரும் அதை ஓட்டிவிடக் கூடாது என்று சார்ஜரைத் தன் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனார்.

மனசாட்சி இல்லாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பிரிஸ்கில்லா கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"சின்ன ஸ்கிரீனைப் பாத்துப் பாத்து கண்ணு வலிக்குதா?" என்று கேட்டார்.

"பழகிடுச்சி."

அன்றைக்கே சொல்லிவிடலாமா என்று இருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, எடுத்துக்கொள் என்று ஒரு வார்த்தை. வாய் வரை வந்துவிட்டது. அப்போது இடுப்பு ஞாபகம் வந்தது. மனசாட்சி பேக்கரி வரைக்கும் போய், அவளுக்கு இரண்டு கறி பஃப்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டது.

அதற்கு ஈடாகத் தினமும் மாலையில் லினக்ஸைப் பற்றி அவளுக்கு விளக்கினார். அவளுக்கு அறிவாவது கிடைக்கட்டும் என்று. டிரைவர் என்றால் என்ன, எங்கே கிடைக்கும், பழைய கர்னலுக்கு எப்படிப் போவது, கட்டளைக்கு முன்னால் சூடோ என்று ஏன் போட வேண்டும். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள்.

"சூடோ போடலைன்னா?"

"உனக்கு அதிகாரம் இல்லன்னு சொல்லிடும்."

"போட்டா?"

"யாரு என்னான்னு கேக்காது. பாஸ்வேர்டு குடுத்தா, சொன்னதைச் செய்யும்."

"நல்ல பழக்கம்" என்றாள் பிரிஸ்கில்லா.

நல்ல நல்ல கேள்விகளாகக் கேட்டாள். தன் பேச்சை அவள் இவ்வளவு அக்கறையாகக் கேட்டு எத்தனையோ காலமாயிற்று என்று விக்டருக்கு நெஞ்சு நிறைந்தது.

அப்போதுதான் லாப்டாப்புக்கு உண்மையான வியாதி வந்தது.

காலையில் முழுக்கச் சார்ஜ் போட்டு, அணைத்து, அலமாரியில் வைத்துவிட்டுப் போவார். மாலையில் வந்து திறந்தால் பேட்டரி முக்கால்வாசி காலி. மறுநாளும் அப்படியே. அணைத்து வைத்த லாப்டாப், பூட்டாத அலமாரிக்குள், தன்னந்தனியாக, தன் சார்ஜைத் தானே குடித்துக்கொண்டிருந்தது.

விக்டர் கவலைப்பட்டார். கவலைக்குள்ளே ஒரு நிம்மதியும் இருந்தது. இப்போது அவர் பொய்யர் இல்லை. லாப்டாப் மெய்யாகவே கெட்டிருக்கிறது. நிமிர்ந்த தலையோடு அவர் துப்பறிய ஆரம்பித்தார். மின்சாரம் எங்கே போகிறது என்று காட்டும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தார். யுஎஸ்பி துளைகளைப் பஞ்சால் துடைத்தார். லாப்டாப்பைத் தானாக எழுப்பக்கூடிய எல்லா வசதிகளையும் ஒவ்வொன்றாக முடக்கினார். கர்னலைக் கூட மறுபடி மாற்றினார். சாயங்காலம் திறந்தால் பேட்டரி காலி.

பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் பூர்ணிமாவிடம் கேட்டார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"பகல்ல வேற யாராச்சும் யூஸ் பண்றாங்களா சார்?"

"வீட்ல என் மிஸஸ் மட்டும்தான் இருப்பாங்க."

"அவங்க..."

"அவங்களுக்கு லினக்ஸ் தெரியாதும்மா. பாஸ்வேர்டும் எனக்கு மட்டும்தான் தெரியும்."

பூர்ணிமா திருத்த வேண்டிய நோட்டுகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "அப்ப பேட்டரி வயசாயிடுச்சி போல சார். மாத்திப் பாருங்க."

வயசாயிடுச்சி என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் கண்ணையன் கடையில் புதுப் பேட்டரி வாங்கி மாட்டினார். புதுப் பேட்டரியும் சாயங்காலத்துக்குள் காலியாயிற்று.

ஒரு புதன்கிழமை லீவு போட்டார். அலமாரியிலிருந்து லாப்டாப்பை எடுத்து மேசை மேல் வைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காலையிலிருந்து மாலை வரை மூடிய லாப்டாப்பைக் கண் எடுக்காமல் பார்த்தார். பிரிஸ்கில்லா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் கோபமாகவே போனை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சாயங்காலம் விக்டர் திறந்து பார்த்தார். பேட்டரி முழுசாக இருந்தது.

"இது நான் இல்லாதப்ப மட்டும்தான் நடக்குது" என்றார், வியர்த்துப்போய்.

"உங்களைப் பாத்தா அதுக்குப் பயமா இருக்கும்" என்றாள் பிரிஸ்கில்லா. "நாளைக்கு ஸ்கூலுக்குப் போறீங்கல்ல?"

மறுநாள் பள்ளியில் இந்தச் சோதனை முடிவைப் பூர்ணிமாவிடம் சொன்னார்.

"சார், ஒரு தடவ வீட்ல மேடத்துகிட்டயே கேட்டுப் பாருங்க."

"அவங்களை எதுக்கும்மா இதுல தொந்தரவு பண்ணணும்?"

இதற்குள் விக்டரின் ஞாயிற்றுக்கிழமைகள் நாசமாகியிருந்தன. பாய் சுருட்டினபடியே கிடந்தது. பிரிஸ்கில்லா ஆட்டோ ஏறியதும் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுப்பார், அவள் கேரியரோடு திரும்பி வரும்போது அதே இடத்தில் அதே ஸ்குரூ டிரைவரோடு இருப்பார். நண்டுக் குழம்பு ஆறிப்போகும். இணையத்தில் பக்கம் பக்கமாகப் படித்தார். உலகத்தில் வேறு யாருக்கும் இந்தக் கோளாறு வந்ததாகத் தெரியவில்லை. ஒரு காலத்தில் மாணவர்கள் வோல்ட்மீட்டர் முள் நகரவில்லை என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒயரைத் தொட்டுப் பார்த்தே எது விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். இப்போது ஒரு லாப்டாப் அவரை ஜெயித்துவிட்டது. அந்த அறிவிப்பு ஒருவேளை உண்மைதானோ என்று முதல் தடவையாகத் தோன்றியது.

கடைசியில் ஒரு ஞாயிறு காலை, பூசை முடிந்து வந்ததும், அவர் லாப்டாப்பைத் திறக்கவே இல்லை. மூடி மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னா, இன்னிக்கு ஒண்ணும் ஓடவிடலையா?" என்றாள் பிரிஸ்கில்லா.

"என்னால முடியல. எனக்கு இது தெரியல, பிரிஸ்கில்லா. நான் விட்டுட்டேன்."

அவர் குரலில் இருந்ததைக் கேட்டு அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்வதை நிறுத்தினாள். கொஞ்சம் யோசித்தாள்.

"கெளம்புங்க. அண்ணன் வீட்டுக்குப் போவலாம். இதையும் எடுத்துக்குங்க, சார்ஜரோட."

"அங்க எதுக்கு?"

"அங்க பாக்கறதுக்கு ஆள் இருக்குது."

"யாரு?"

"வாங்களேன்."

அருளானந்தம் வீட்டு வாசலில் ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றன. உள்ளே கூடத்தில் நீள மேசை போட்டு, ஏழெட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் சொல்தாக்கள். ஆளுக்கொரு லாப்டாப். பிள்ளைகள் பிரான்சில் புதிது வாங்கியதும் அப்பாவுக்குக் கொடுத்தனுப்பிய பழைய லாப்டாப்கள். எல்லாத் திரையிலும் விக்டருக்கு நன்றாகத் தெரிந்த அதே மலை இருந்தது.

"வாங்க மாப்ள" என்றார் அருளானந்தம். "உங்க கர்னல் விவகாரம் எனக்கு இப்பதான் புரிஞ்சிது. எங்க வீட்டுக் கர்னல் நல்லா இருக்காரு."

"இதெல்லாம் யாரு போட்டது மச்சான்?"

அருளானந்தம் வாசல் பக்கம் கையைக் காட்டினார். பிரிஸ்கில்லா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் மேசையைச் சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"போன்ழூர், மதாம்."

"உக்காருங்க, உக்காருங்க" என்றாள் அவள். மேசைத் தலைமாட்டில் நாற்காலி அவளுக்காகக் காலியாக இருந்தது. "தேவதாஸ் மிசியே, உங்களுக்கு என்னா?"

வெள்ளை மீசைக்காரர் ஒருவர் லாப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். "ஏ அடிச்சா கியூ வருது மதாம்."

"உங்களுது பிரெஞ்சு கீபோர்டு. லாப்டாப் அதை இங்கிலீஷ்னு நெனச்சுகிட்டு இருக்குது." இரண்டு இடத்தில் தட்டினாள். "இப்ப அடிங்க."

ஏ வந்தது. மீசைக்காரர் இன்னொரு ஏ அடித்துப் பார்த்துத் தலையாட்டினார்.

அடுத்தவருக்கு வைஃபை வரவில்லை. பிரிஸ்கில்லா போனை எடுத்தாள், கேபிளால் இணைத்தாள், கறுப்புத் திரையைத் திறந்து சூடோ என்று ஆரம்பித்து எதையோ விடுவிடுவென்று தட்டினாள். அவித்த கடலை ஒரு தட்டில் வந்தது. தட்டு ஒரு சுற்று முடிவதற்குள் வைஃபை வந்துவிட்டது.

விக்டர் சுவரோரம் லாப்டாப்பை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். மெல்ல நகர்ந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் போனார்.

"இதெல்லாம் எங்க கத்துகிட்ட?"

"நீங்கதான தெனம் சாயங்காலம் சொல்லிக்குடுத்தீங்க."

"நான் சொன்னது உனக்குப் புரிஞ்சிதா?"

"பாதி புரிஞ்சிது. மீதி நீங்க தப்பா சொன்னீங்க, அதை நானே பாத்துக்கிட்டேன். குடுங்க அதை."

லாப்டாப்பை வாங்கித் திறந்தாள். பாஸ்வேர்டு கேட்டது. விக்டர் உதவிக்குக் குனிவதற்குள் அவள் அடித்து முடித்துவிட்டாள்.

"அது எனக்கு மட்டும்தான தெரியும்" என்றார் விக்டர், மெதுவாக.

"ஒவ்வொரு எழுத்தா வாயால சொல்லிகிட்டே அடிப்பீங்க. அடுக்கள வரைக்கும் கேக்கும்."

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். திரையில் குட்டி விமானம் இருந்தது. பிரிஸ்கில்லாவின் விரல் அந்த விசைக்கு மேலே போய் நின்றது. விக்டருக்கு இரண்டு காதும் கொதித்தன. இத்தனை பேர் முன்னிலையில் அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜிபூத்தி ஜீப் கதைக்கு இனி வேலை இருக்காது, வருடக்கணக்கில் இந்தக் கதையே ஓடும்.

"என்னா மதாம் கோளாறு?" என்று கேட்டார் தேவதாஸ்.

"தூசி" என்றாள் பிரிஸ்கில்லா. விசையை அழுத்தினாள். விமானம் போயிற்று, வைஃபை வந்தது. "அவ்வளவுதான்."

பெரியவர்கள் ஆளுக்கு ஆள் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். விக்டருக்கு மூச்சு திரும்பி வந்தது. மூச்சோடு விஞ்ஞானமும் வந்தது.

"அப்ப பேட்டரி?" என்று அவள் காதருகில் குனிந்து கேட்டார்.

"காலையில ஒரு கிளாஸ், மத்தியானம் ஒரு கிளாஸ். பழைய பேட்டரி இருந்தப்ப எறந்த காலம் முடியறதுக்குள்ள சார்ஜ் எறங்கிடும். புதுசு பரவால்ல, எதிர்காலம் வரைக்கும் தாங்குது. முடிச்சதும் பழையபடி விமானத்துல ஏத்தி அலமாரியில வெச்சிடுவேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "சார்ஜரை மட்டும் இனிமே ஸ்கூலுக்குத் தூக்கிட்டுப் போவாதீங்க. பிள்ளைங்களுக்குப் பரீட்ச."

"உனக்கு எப்ப தெரியும்?"

"அது விமானம் ஏறின மொத ஞாயித்துக்கிழமையே."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்களும் இங்க வந்துடுவீங்க. நீங்க இருந்தா நீங்கதான விளக்குவீங்க. இவங்களுக்கு வயசாவுதுங்க, அவ்வளவு நேரம் உக்கார முடியாது."

விக்டர் அதை யோசித்துப் பார்த்தார். அவமானப்பட வேண்டும் என்று புரிந்தது. ஆனால் லாப்டாப்புக்கு வியாதி இல்லை, தன் மூளைக்கும் இல்லை, அவர் பார்த்த வரையில் சோதனைகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. மின்சாரம் எங்கே போயிற்று என்று தெரிந்துவிட்டது. அது ஓர் ஆய்வாளனுக்குப் போதும்.

அடுக்களையிலிருந்து இருதயமேரி எட்டிப் பார்த்து, குழம்பு கொதிக்கிறது, கொஞ்ச நேரம் ஆகும் என்றாள். பின்பக்கம் பெத்தாங் குண்டுகளை அருளானந்தம் எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. மேசைக் கடைசியில் இன்னும் மூன்று நான்கு லாப்டாப்கள் திறக்கப்படாமல் காத்திருந்தன.

விக்டர் தொண்டையைச் செருமினார். சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"வந்ததுதான் வந்துட்டேன்" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "கஷ்டமான கேஸ் ஏதாச்சும் இருந்தா என்கிட்ட தள்ளு. நான் பாக்குறேன்."

பிரிஸ்கில்லா வரிசையில் இருந்த லாப்டாப்களை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மேசை மேல் கிடந்த மஞ்சள் துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஒவ்வொண்ணா கீபோர்டைத் துடைச்சுக் குடுங்க. எதையும் அழுத்திடாதீங்க."